எஸ்டிபி தண்ணீருக்கு மாத்திரை குளோரினேட்டர்: எங்கே வைப்பது, எந்த மாத்திரை போடுவது?

ஓஎம்ஆர்_செயலாளர்:

வணக்கம். சென்னை ஓஎம்ஆரில் 60 வீடுகள் உள்ள அடுக்குமாடி எங்களுடையது. 30 கேஎல்டி எஸ்டிபி, அதாவது ஒரு நாளைக்கு 30,000 லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம், பேஸ்மென்ட்டில் இருக்கிறது. காற்றூட்டும் தொட்டி, கசடு படியும் கிளாரிஃபயர், அதன் பிறகு ஒரு இடைத்தொட்டி, அங்கிருந்து பம்ப் மூலம் மணல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், கடைசியில் சுத்திகரித்த நீர் சம்ப். அந்தத் தண்ணீர் ஃபிளஷுக்கும் தோட்டத்துக்கும் போகிறது, மிஞ்சினால் மழைநீர் வடிகாலுக்கு.

கிருமி நீக்கத்துக்கு இதுவரை ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) கரைசல்தான். டோசிங் பம்ப் அடிக்கடி காற்று அடைத்து நின்றுவிடுகிறது, உறிஞ்சு குழாயின் வாயில் உப்பு கட்டிக்கொள்கிறது. அப்போதெல்லாம் ஆப்பரேட்டர் காலையில் இரண்டு மக் ஹைப்போவைச் சம்பில் ஊற்றிவிட்டு லாக் புக்கில் டிக் போட்டுவிடுகிறார். கடைசி லேப் ரிப்போர்ட்டில் மலக்கழிவைக் காட்டும் பாக்டீரியாவான ஃபீக்கல் கோலிஃபார்ம் 100 மில்லிக்கு 1000-ஐத் தாண்டிவிட்டது. எங்கள் தோட்டக்காரர் வெறுங்கையோடு அந்த ஹோஸைப் பிடிக்கிறார், மாலையில் குழந்தைகள் அந்தப் புல்வெளியில்தான் உருண்டு விளையாடுகிறார்கள். இனியும் இதைத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

கரன்ட்டே வேண்டாத மாத்திரை குளோரினேட்டர் போடலாம் என்று ஒரு சப்ளையர் சொல்கிறார். ஒரு பிவிசி பெட்டி, அதில் செங்குத்தாக இரண்டு குழாய்கள், குழாய்க்குள் மாத்திரைகளை அடுக்கிவிட்டால் தண்ணீர் ஓடும்போது தானே கரையுமாம். பெட்டியை இடைத்தொட்டிக்கு முன்னால் வைப்பதா, ஃபில்டருக்குப் பின்னால் வைப்பதா? ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை பிடிக்கும்? அப்புறம், நீச்சல் குளத்துக்குப் போடும் 90 சதவீத மாத்திரையே இதற்கும் போதும், விலையும் குறைவு என்று கடைக்காரர் சொல்கிறார். அது சரியா?

கோவை_பிளான்ட்:

சார், முதலில் இடத்தைப் பார்ப்போம். இந்தப் பெட்டி தானாக வழிந்தோடும் தண்ணீருக்காகச் செய்தது, பம்ப் அழுத்தம் உள்ள லைனில் நேரடியாக இணைக்கக் கூடாது. குழாயின் அடியில் பிளவுகள் இருக்கும், அடியில் இருக்கும் மாத்திரை மட்டும்தான் ஓடும் தண்ணீரில் நனையும். ஓட்டம் கூடினால் பெட்டிக்குள் மட்டம் ஏறும், இன்னும் ஓரிரு மாத்திரைகள் நனையும், குளோரினும் கூடும். ஓட்டம் குறைந்தால் மட்டம் இறங்கிவிடும். அந்த மட்டத்தைப் பிடித்து வைப்பது வெளியேறும் பக்கத்தில் உள்ள சின்னத் தடுப்புதான். ஆகவே பெட்டியை ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் உட்கார வைக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு குழாய் மூழ்கிக் கிடக்கும், இன்னொன்று காய்ந்து கிடக்கும்.

உங்கள் அமைப்பில் இடைத்தொட்டியில் குளோரின் போட்டால் அடுத்து வருவது கார்பன் ஃபில்டர். கார்பன் குளோரினை மிச்சமில்லாமல் எடுத்துவிடும். நிறைய அடுக்குமாடிகளில் டோசிங்கை ஃபில்டருக்கு முன்னால்தான் கொடுத்திருப்பார்கள், மணலில் பாசி பிடிக்காது என்று காரணம் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் சம்புக்கு வரும்போது தண்ணீரில் மிஞ்சி நிற்க வேண்டிய எச்சக் குளோரின் பூஜ்யம், சம்பிலும் மொட்டைமாடி டேங்கிலும் கிருமி திரும்பப் பெருகத் தடையே இல்லை. ஆகவே கார்பன் ஃபில்டருக்குப் பின்னால் வையுங்கள். ஃபில்டரின் வெளிக்குழாயை நேரே சம்பில் விடாமல், சம்பின் மூடிக்கு மேலே ஒரு சின்னத் திறந்த தொட்டியில் கொட்டவிடுங்கள், அழுத்தம் அங்கேயே போய்விடும். அங்கிருந்து நாலு இன்ச் பிவிசி, லேசான சரிவு, குளோரினேட்டர், அதற்கப்புறம் சம்ப். இதில் இன்னொரு நல்லது, மணலில் வடிந்த தெளிந்த தண்ணீர்தான் மாத்திரைக்கு வரும். கலங்கல் இருந்தால் துகளுக்குள் ஒளிந்திருக்கும் பாக்டீரியாவைக் குளோரின் எட்டாது, எவ்வளவு கொட்டினாலும் ரிப்போர்ட் இறங்காது.

அடுத்து தொடர்பு நேரம். குளோரின் கலந்த உடனே தண்ணீர் சுத்தமாகிவிடாது, அரை மணி நேரமாவது அதோடு இருக்க வேண்டும், அதுவும் ஓட்டம் உச்சத்தில் இருக்கும்போது. உங்கள் ஃபில்டர் பம்ப் மணிக்கு 3000 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால் 1500 லிட்டர் இடம் வேண்டும். சம்ப் எப்படியும் அதைவிடப் பெரிதாக இருக்கும், ஆனால் உள்ளே வரும் குழாயும் மாடிக்கு ஏற்றும் டிரான்ஸ்ஃபர் பம்பின் உறிஞ்சு குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் புதுத் தண்ணீர் இரண்டே நிமிடத்தில் குறுக்கு வழியில் மேலே ஏறிவிடும். சம்பில் ஒரு மூலையைத் தடுத்து, நடுவில் இரண்டு மூன்று குறுக்குச் சுவர் கொடுத்து, தண்ணீரை வளைந்து வளைந்து போகச் செய்யுங்கள். எனக்குத் தெரிந்து பெரும்பாலான இடங்களில் கோட்டை விடுவது இங்கேதான், மாத்திரை எண்ணிக்கையில் இல்லை.

எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர், அதில் 80 சதவீதம் கழிவாக வருகிறது என்றால் சுமார் 26,000 லிட்டர். நன்றாகச் சுத்திகரித்து மணலில் வடித்த தண்ணீருக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் குளோரின் தாராளம். நாளைக்கு 130 கிராம் குளோரின். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் மாத்திரை என்றால் 200 கிராம். மாத்திரை ஒன்று 140 கிராம் இருந்தால் ஒன்றரை, 200 கிராம் இருந்தால் ஒன்று. மாதம் 6 கிலோ. இது தொடக்கக் கணக்குதான், எச்சக் குளோரினை அளந்து பார்த்துத்தான் கடைசியில் முடிவு செய்ய வேண்டும். முதலில் ஒரு குழாயில் மட்டும் மாத்திரை போட்டு ஆரம்பியுங்கள்.

நீச்சல் குள மாத்திரை பற்றி வேதியியல் தெரிந்தவர்கள் யாராவது விரிவாகச் சொல்லட்டும். என் பதில் வேண்டாம் என்பதுதான்.

கெமிஸ்ட்ரி_டீச்சர்:

நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கடைக்காரர் காட்டும் 90 சதவீத மாத்திரை டிரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம், கடைகளில் டிசிசிஏ என்பார்கள். நீச்சல் குளத்தில் அது எந்நேரமும் தண்ணீரில் மூழ்கி நின்று மெதுவாகக் கரைய வேண்டும் என்பதற்காகச் செய்தது. உங்கள் பெட்டியிலோ பம்ப் ஓடும்போது நனையும், நின்றால் ஈரத்தோடு சும்மா நிற்கும். அந்த நிலையில் மூடிய குழாய்க்குள் நைட்ரஜன் டிரைகுளோரைடு சேரலாம், அது வெடிக்கக் கூடிய பொருள். வெடிக்காவிட்டாலும் அந்த வாயு கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். அதோடு, மெதுவாகக் கரைவதால் ஓடிப்போகும் தண்ணீருக்கு வேண்டிய அளவு குளோரினும் வராது.

இதைவிட ஆபத்து, இரண்டையும் கலப்பது. கால்சியம் ஹைப்போகுளோரைட் காரத்தன்மை உள்ளது, டிசிசிஏ அமிலத்தன்மை உள்ளது. ஒரு மாத்திரை தீர்ந்ததும் அதே குழாயில் மற்றதைப் போட்டால், கொஞ்சம் ஈரம் இருந்தாலே சூடேறி நச்சு வாயு கிளம்பும், தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டும் வெள்ளை வட்டு, பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆப்பரேட்டர் மாறினால், கடை மாறினால், யாருக்கும் தெரியாமலே இது நடந்துவிடும். டப்பாவின் மேல் கால்சியம் ஹைப்போகுளோரைட், 65 அல்லது 70 சதவீதம் என்று அச்சாகி இருப்பதை மட்டும் வாங்குங்கள், பெட்டியின் மூடியிலேயே பெரிய எழுத்தில் அதை எழுதி ஒட்டுங்கள், தமிழிலும் இந்தியிலும்.

சேமிப்பதிலும் கவனம் வேண்டும். பேஸ்மென்ட்டில் ஜெனரேட்டர் டீசல், கிரீஸ், ஹவுஸ்கீப்பிங் அறையில் ஃபினாயில், டாய்லெட் ஆசிட் எல்லாம் இருக்கும். இவை எதன் பக்கத்திலும் இந்த டப்பா இருக்கக் கூடாது. ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், அது காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம், பேஸ்மென்ட்டில் தரையோடு தங்கும், எளிதில் வெளியே போகாது. சென்னை போர்வெல் தண்ணீரில் பெட்டிக்குள் சுண்ணாம்பு படியும், அதை ஆசிட் ஊற்றிக் கழுவ யாருக்கும் தோன்றும். மாத்திரைக் குழாய்களை வெளியே எடுத்து, பெட்டியைத் தண்ணீர் விட்டு நன்றாக அலசிய பிறகுதான் அந்த வேலை, அதுவும் வினிகர் போதும்.

இன்னொன்று கேட்க வேண்டும். ரிப்போர்ட்டில் அம்மோனியா எவ்வளவு? அது தெரியாமல் மாத்திரை கணக்குப் போடுவதில் பெரிய பயனில்லை.

பெருங்குடி_வாசகர்:

ஏன் இவ்வளவு தொல்லை? யுவி (புற ஊதா) விளக்கு போட்டுவிடலாமே, ரசாயனமே வேண்டாம்.

கோவை_பிளான்ட்:

யுவி நல்ல முறைதான், ஆற்றிலோ ஏரியிலோ நேராக விடும் தண்ணீருக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் விளக்கைத் தாண்டிய பிறகு தண்ணீரில் காவலுக்கு எதுவும் இருக்காது. இவர்கள் தண்ணீர் சம்பில் நிற்கிறது, மாடி டேங்கில் நிற்கிறது, ஃபிளஷ் டேங்கில் நிற்கிறது. அங்கேயெல்லாம் கொஞ்சமாவது எச்சக் குளோரின் இருந்தாக வேண்டும். யுவி போட்டாலும் பின்னால் கொஞ்சம் குளோரின் போடத்தான் வேண்டியிருக்கும். அதோடு குவார்ட்ஸ் உறையில் படியும் சுண்ணாம்பைத் துடைக்காவிட்டால் விளக்கு எரியும், வேலை நடக்காது. இந்தச் சம்பில் காலையில் ஹைப்போ ஊற்றுவதற்கே ஆள் பார்க்க வேண்டியிருக்கிறது, உறையை யார் துடைப்பார்கள்?

ஹூஸ்டன்_தோட்டம்:

நான் டெக்சஸில் இருக்கிறேன். இங்கே நகர எல்லைக்கு வெளியே சாக்கடை லைன் இல்லாத வீடுகளில் தனித்தனிக் காற்றூட்டு சுத்திகரிப்பு அமைப்பு இருக்கும், சுத்திகரித்த தண்ணீரைத் தோட்டத்தில் ஸ்பிரிங்க்ளரில் தெளிப்பார்கள். தெளிப்பதற்கு முன் கிருமி நீக்கம் கட்டாயம், பம்ப் டேங்கில் எச்சக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், அல்லது ஃபீக்கல் கோலிஃபார்ம் 100 மில்லிக்கு 200-க்குள் இருக்க வேண்டும் என்பது மாநில விதி. பெரும்பாலும் இந்த மாத்திரைக் குழாய்தான். அளவில் உங்கள் பிளான்ட் பெரியது, ஆனால் குழாய்க்குள் வரும் தொல்லை ஒன்றேதான்.

குழாயை நிறைய நிரப்பாதீர்கள். மேலே உள்ள மாத்திரைகள் அடியிலிருந்து ஏறும் ஈரத்தில் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, குழாயின் சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கும். அடியில் இருப்பது கரைந்து போய் வெற்றிடம், மேலே பார்த்தால் குழாய் நிறைய மாத்திரை. மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று மூடிவிடுவார், தண்ணீரோ மாதக்கணக்கில் குளோரினே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். குழாயைத் தூக்கி லேசாகத் தட்டிப் பாருங்கள். மாத்திரை கடகடவென்று கீழே இறங்கும் சத்தம் கேட்க வேண்டும். சத்தமே இல்லாமல் மாவாக ஒட்டியிருந்தால் வெளியே எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். உங்கள் கணக்கில் நாளைக்கு ஒன்று ஒன்றரை மாத்திரை என்றால் ஒரு வாரத்துக்கு மேல் அடுக்க வேண்டாம், சென்னைப் புழுக்கத்தில் இன்னும் குறைவாக அடுக்குவது நல்லது.

மூடியைத் திறக்கும்போது முகத்தைக் குழாய்க்கு நேரே வைக்காதீர்கள். திறந்துவிட்டு ஒரு அடி பின்னால் நில்லுங்கள், வாயு கலையட்டும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் ஆப்பரேட்டருக்கு அசோசியேஷனே வாங்கிக் கொடுக்க வேண்டும், அவரையே வாங்கச் சொன்னால் அது நடக்காது. பேஸ்மென்ட் என்பதால் பெட்டிக்கு மேலே எக்ஸாஸ்ட் குழாய் ஒன்று வெளியே போகட்டும், மோட்டார் பேனல் பக்கத்தில் பெட்டியை வைக்கவே கூடாது. குளோரின் ஆவி பட்டுப்பட்டு பேனலுக்குள் மோட்டாரை இயக்கும் கான்டாக்டரின் செம்பு பச்சை பூத்துவிடும்.

ஓஎம்ஆர்_செயலாளர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. டிசிசிஏ பற்றி யாரும் இதற்கு முன் இப்படிச் சொல்லவில்லை, கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டீச்சர், அம்மோனியாக்கல் நைட்ரஜன் லிட்டருக்கு 14 மில்லிகிராம் என்று இருக்கிறது. மின்கட்டணம் குறைய வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்து இரவு முழுக்க, தொட்டிக்குக் காற்று தரும் ப்ளோயரை நிறுத்துகிறோம், அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? இன்னொரு சந்தேகம், ஹைப்போ ஊற்றிய அன்று ஆப்பரேட்டர் டெஸ்ட் கிட்டில் பார்த்தால் நிறமே வரவில்லை, குளோரின் இல்லை என்று இன்னும் ஒரு மக் ஊற்றுகிறார். ஆனால் அன்றைக்குத்தான் வீடுகளிலிருந்து ஃபிளஷில் மூக்கைத் துளைக்கும் வாடை என்று போன் வருகிறது.

கெமிஸ்ட்ரி_டீச்சர்:

நிச்சயமாகச் சம்பந்தம் உண்டு. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும், தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் கரைந்த ஆக்சிஜன் இருந்தால் நல்லது. அவை மெதுவாக வளர்பவை, தினமும் இரவில் மூச்சை நிறுத்தினால் நிலைக்காது. அம்மோனியா மிஞ்சினால் நீங்கள் போடும் குளோரின் அதோடு சேர்ந்து குளோரமினாக மாறிவிடும். குளோரமினும் கிருமியைக் கொல்லும், ஆனால் மிக மெதுவாக. அதைத் தாண்டி எதோடும் சேராத தனிக் குளோரின் கிடைக்க வேண்டுமென்றால் 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 8 முதல் 10 மில்லிகிராம் குளோரின் தேவை. உங்கள் 14-க்கு 110-லிருந்து 140 மில்லிகிராம். மேலே போட்ட கணக்கு 5 மில்லிகிராம் என்பதைப் பாருங்கள். எந்தக் குளோரினேட்டரும் இதற்கு ஈடுகொடுக்காது.

அரைகுறையாகக் காற்றூட்டுவதில் இன்னொரு சிக்கல், வேலை பாதியில் நின்று நைட்ரைட் சேரும். அதிலுள்ள நைட்ரஜன் 1 மில்லிகிராமுக்கு 5 மில்லிகிராம் குளோரினை அது விழுங்கும். நேற்று இருந்த எச்சக் குளோரின் இன்று திடீரென்று காணாமல் போவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். ஆகவே ப்ளோயரை இரவிலும் ஓட்டுங்கள். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் இடைவெளி விட்டு ஓட்டலாம், ஒரேயடியாக எட்டு மணி நேரம் நிறுத்த வேண்டாம். சில வாரங்களில் அம்மோனியா இறங்கும், அதற்கப்புறம் மாத்திரையை நம்பலாம்.

டெஸ்ட் கிட் விஷயம் முக்கியமானது. குளோரினை அளக்கும் டிபிடி மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பு வரும், ஆனால் குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்தச் சிவப்பையே குளோரின் வெளுத்துவிடும், தண்ணீர் நிறமில்லாமல் நிற்கும். பூஜ்யம் என்று நினைத்து மேலும் ஊற்றுகிறார்கள், வாடை ஏறுகிறது. நிறம் வரவில்லை என்றால் அதே தண்ணீரில் ஒரு பங்கு எடுத்து, குளோரின் இல்லாத நல்ல தண்ணீர் ஒன்பது பங்கு சேர்த்து மறுபடி பாருங்கள். சிவப்பு வந்தால் அந்த எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டும். அப்புறம், அம்மோனியா உள்ள தண்ணீரில் தனிக் குளோரினை மட்டும் பார்க்காமல் குளோரமினும் சேர்ந்த மொத்தக் குளோரினையும் பார்க்க வேண்டும், அதற்கு டிபிடி 3-ம் எண் மாத்திரையும் சேர்க்க வேண்டும்.

கோவை_பிளான்ட்:

டீச்சர் சொன்ன பிறகு என் கணக்கை இப்படித் திருத்திக்கொள்ளுங்கள் சார்: ப்ளோயர் சரியாகி அம்மோனியா 1 அல்லது 2-க்கு இறங்கும்வரை பெட்டிக்குக் காசு செலவழிக்க வேண்டாம், அதற்குள் சம்பில் குறுக்குச் சுவர் வேலையை முடித்துவிடலாம். அதுவரை அந்த ஹோஸைத் தோட்டக்காரர் கையுறையோடு பிடிக்கட்டும், தெளிப்பதைக் காலையிலேயே முடிக்கட்டும், குழந்தைகள் வருவதற்குள் புல் காய்ந்திருக்கும். பெட்டி வந்த பிறகு டிரான்ஸ்ஃபர் பம்ப் உறிஞ்சும் இடத்தில் மொத்தக் குளோரின் 0.5-லிருந்து 1 மில்லிகிராம் வரை நிற்கட்டும். குறைந்தால் இரண்டாவது குழாயிலும் மாத்திரை போடுங்கள், கூடினால் தடுப்பின் உயரத்தைக் குறையுங்கள்.

வடிகாலுக்கு விடும் மிச்சத் தண்ணீரில்தான் எனக்குக் கவலை. ஓஎம்ஆர் பக்கத்து வடிகால்கள் பல பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ போய்ச் சேருகின்றன. மீனுக்கு லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் குளோரினே ஆகாது, நமக்குத் தேவையான 0.5 அதற்கு விஷம். மிச்சத்தை முடிந்தவரை தோட்டத்திலேயே செலவழியுங்கள். விட்டே ஆக வேண்டுமென்றால் வெளியேறும் குழாயில் இதே மாதிரி இன்னொரு சின்னப் பெட்டி, அதில் சோடியம் சல்ஃபைட் மாத்திரை, அது குளோரினை உடனே முறித்துவிடும். அந்த மாத்திரையும் குளோரின் மாத்திரையும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது.

லேபுக்கு மாதிரி எடுக்கும்போது அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டிலையே பயன்படுத்துங்கள், உள்ளே சோடியம் தையோசல்ஃபேட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே குளோரின் வேலை செய்துகொண்டே போகும், ரிப்போர்ட் உண்மையைவிட நன்றாக வரும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள். அப்புறம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த உங்கள் கன்சென்ட் ஆர்டரில் ஃபீக்கல் கோலிஃபார்முக்கு என்ன எல்லை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 2017 மத்திய அரசு அறிவிக்கையில் 100 மில்லிக்கு 1000, 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை 230-ஆக இறுக்கச் சொன்னது. குழந்தைகள் விளையாடும் புல்வெளி என்பதால் ஆர்டரில் எது இருந்தாலும் 230-ஐ மனதில் வைத்து வேலை செய்யுங்கள்.

ஓஎம்ஆர்_செயலாளர்:

ப்ளோயர் டைமரை மாற்ற இன்றே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டேன், கையுறையும் வாங்கியாயிற்று. ஞாயிறு கமிட்டிக் கூட்டத்தில் சம்பின் குறுக்குச் சுவருக்கு எஸ்டிமேட் வைக்கிறேன். அம்மோனியா ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.